குடும்பப் படம் வீட்டுக்கே வந்தாச்சு... அம்மா முழுசா பார்த்தாங்களா?

"படம் எப்படி?" என்று கேட்டால் அப்பா கதை சொல்வார். பிள்ளைகள் ஃபைட்டையும் காமெடியையும் சொல்வார்கள். அம்மா மட்டும், "நான் பாதிதான் பார்த்தேன்" என்பார். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலவரம்.

2020 மே 29 அன்று ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்குப் போகாமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய இந்தப் பழக்கம் ஊரடங்கு முடிந்த பிறகும் வீடுகளில் நிலைத்துவிட்டது. 'தியேட்டருக்கு வேண்டாம், ஓ.டி.டி-யில் வரட்டும்' என்று காத்திருக்கும் குடும்பங்கள் இன்று ஏராளம். அப்படிக் காத்திருந்து பார்க்கும் படத்தை வீட்டில் யார் முழுதாகப் பார்க்கிறார்கள்?

இரண்டு மொழி, ஒரே ரிமோட்

இந்தக் கேள்வியைக் கேட்க கன்னியாகுமரி மாவட்டம் இரணியல் பொருத்தமான ஊர். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி. ஆட்சி எல்லை மாறினாலும், மலையாளப் படம் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு அந்நியமாகவில்லை. மலையாளத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட வசனம் புரிந்து சிரிப்பார்கள். டப்பிங், சப்டைட்டில் எதுவும் பலருக்குத் தேவைப்படாது.

அதிலும் 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' இவர்களுக்குக் கிட்டத்தட்ட சொந்த ஊர்ப் படம். அதன் சில காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை, இரணியலில் இருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த அந்தக் கதையைத்தான் 2005-ல் ரஜினியின் 'சந்திரமுகி'யாகத் தமிழ்நாடே பார்த்தது. இரண்டையும் பார்த்த வீடுகளில், ஷோபனாவா ஜோதிகாவா என்ற விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை!

'நல்ல குடும்பப் படம்' யாருக்கு நல்லது?

'ஆரோக்கியமான பொழுதுபோக்கு தரும் சிறந்த ஜனரஞ்சகப் படம்' என்று ஒரு தேசிய விருது உண்டு. 'மணிச்சித்திரத்தாழ்' அந்த விருதை வாங்கியது. அதற்கு முன்பே 1986-ல் வந்த விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' வாங்கியது. 2000-ல் வந்த விக்ரமனின் 'வானத்தைப் போல' படத்துக்கும் அதே விருது கிடைத்தது.

கடைசி இரண்டையும் வீட்டில் அடுத்தடுத்து போட்டுப் பார்த்தால், குடும்பம் பற்றி இரண்டு வேறு கருத்துகள் தெரியும். 'வானத்தைப் போல'யில் அண்ணன் தம்பிகளுக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்கிறார். கண்ணீர் வரும், மனசு நிறையும். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் பணத் தகராறில் வீட்டுக்கு நடுவே கோடு போடுகிறார்கள். கடைசியில் எல்லோரும் மறுபடி சேரலாம் என்று வரும்போது, லட்சுமி நடித்த மூத்த மருமகள் மறுக்கிறார். தனித்தனியாக இருந்து பாசத்தோடு வந்து போவோம் என்பது அவர் முடிவு.

கூட்டுக் குடும்பமே சொர்க்கம் என்று சொல்லிவந்த திரையில், அந்தக் குடும்பத்தின் வேலைகளைச் சுமந்த ஒரு மருமகள் 'போதும்' என்றது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். இன்று டி.வி-யில் அந்தக் காட்சி வரும்போது மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தால், ரெண்டு பேரும் பேசாமல் இருப்பதே ஒரு விமர்சனம்தான்.

அடுக்களையில் கேட்கும் வசனம்

தியேட்டரில் ஒரு வசதி இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டரை மணி நேரம் அம்மாவை யாரும் எழுப்ப முடியாது. வீட்டில் அப்படியா? படம் தொடங்கும்போது மரச்சீனிக்கிழங்கு அடுப்பில் வேகும். பாட்டு வந்தால் மீன்கறியைக் கிண்டப் போக வேண்டும். இடைவேளை நேரத்தில் யாருக்கோ கட்டன் சாயா. கிளைமாக்ஸ் வரும்போது பாத்திரம் கழுவும் சத்தம். அம்மாவுக்குப் பாதிப் படம் காதால் கேட்ட படம்!

இதையே கதையாக்கியது ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. 2021 ஜனவரி 15 அன்று 'நீஸ்ட்ரீம்' என்ற சிறிய மலையாளத் தளத்தில் வெளியாகி, கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதையும் பெற்றது. தமிழில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பில் 2023-ல் வந்தது. நறுக்குவது, சமைப்பது, பரிமாறுவது, மேசையில் கிடக்கும் மிச்சத்தை எடுப்பது, கழுவுவது... இவையே திரும்பத் திரும்ப வரும். ஒழுகும் பாத்திரத் தொட்டிக் குழாயைச் சரிபண்ண ஆளைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருப்பாள் நிமிஷா சஜயன் நடித்த மனைவி. கணவர் காதில் ஏறாது.

"என்னடா இது, சமையலையே காட்டிக்கிட்டு இருக்கான்" என்று சிலருக்குச் சலிப்பு வரும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற படத்திலேயே சலிப்பு வருகிறது என்றால், அதே வேலையைப் பல வருடமாகச் செய்பவருக்கு எப்படி இருக்கும் என்பதுதான் படம் கேட்கும் கேள்வி. இந்தப் படத்தையும் அம்மா அடுக்களையில் நின்றபடி பார்த்தால், படம் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால்...

ரிமோட்டைத் தேடும் சங்கடமான நொடி எல்லா வீட்டிலும் உண்டு. டி.வி-யில் 'ஏ' சான்றிதழ் படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. வெட்டி, மறுசான்றிதழ் வாங்க வேண்டும். ஓ.டி.டி-யில் அந்தத் தடை இல்லை. 2021-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, தளங்களே படங்களை யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும். செட்டிங்ஸில் போய் ஒரு பின் நம்பர் வைக்க இரண்டு நிமிடம் போதும்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிடவும் வேண்டாம். 'த்ரிஷ்யம்' படத்தையும், ஜெயமோகன் வசனத்தில் வந்த 'பாபநாசம்' படத்தையும் யோசித்துப் பாருங்கள். நாயகனே கேபிள் டி.வி நடத்தும் சினிமாப் பைத்தியம். பார்த்த படங்கள்தான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றுகின்றன. ஆனால், பிரச்னையின் தொடக்கம் மகளுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட ஒரு மொபைல் வீடியோ. வயதுக்கு வந்த பெண்ணும் பையனும் பெற்றோரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய கதை இது. "நமக்கு இப்படி ஒண்ணு நடந்தா முதல்ல வீட்ல சொல்லு மக்ளே, நாங்க திட்ட மாட்டோம்" என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

அடுத்த ஞாயிறு இப்படிச் செய்யலாமா?

சாப்பாட்டை முடித்துவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள். பாத்திரம் காலையில் கழுவலாம், அதையும் ஆளுக்குக் கொஞ்சமாக. அம்மா எழுந்தால் படத்தை நிறுத்துங்கள். தியேட்டரில் இல்லாத பாஸ் பட்டன் வீட்டில்தானே இருக்கிறது? எந்தப் படம் என்பதை ஒரு வாரமாவது அவரே தேர்ந்தெடுக்கட்டும். முடிந்ததும், "படம் எப்படிம்மா?" என்று முதலில் அவரைக் கேளுங்கள்.