பீரங்கி காத்த பத்திரிகை

முகம்மது அலி என்று உலகம் கொண்டாடிய குத்துச்சண்டை வீரர் அதற்கு முன் காசியஸ் மார்சலஸ் கிளே என்று அழைக்கப்பட்டார் என்பதும், அதை அடிமைப் பெயரென்று சொல்லி 1964ஆம் ஆண்டில் உதறினார் என்பதும் நம்மில் பலர் அறிந்தவையே. ஆனால் அந்தப் பெயருக்கு மூலபுருஷராக இருந்த வெள்ளையர் ஒருவர், அடிமை முறைக்கு விரோதமாகத் தம் சொந்த மாகாணத்திலேயே பத்திரிகை நடத்தியவர் என்பதையும், அவரை நினைத்தே வீரரின் தந்தைக்கு அப்பெயர் சூட்டப்பட்டது என்பதையும் அறிந்தோர் சிலரே.

1810ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கெண்டக்கி மாகாணத்தில், பரந்த நிலங்களும் அடிமைகளும் உடைய கிரீன் கிளே என்னும் பெருந்தனவந்தரின் மகனாகப் பிறந்த காசியஸ், வடக்கே யேல் சர்வகலாசாலையில் வாசித்த காலத்தில், அடிமை முறையின் பரம வைரியான வில்லியம் லாயிட் காரிஸனின் பிரசங்கத்தைக் கேட்டு உள்ளம் மாறினார். அப்படி மாறியவர் வடக்கிலேயே தங்கியிருக்கலாம். அங்கே அவருக்குத் தோழர்களும் வாசகர்களும் கிடைத்திருப்பார்கள். அவரோ ஊர் திரும்பி, சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தமக்கு வாக்களித்த பண்ணையார்களின் முகத்துக்கு நேரே அவர்களுடைய செல்வத்தின் அஸ்திவாரத்தையே கண்டித்தார். அதனால் பதவி போயிற்று. பிறகு, தம் அதிகாரத்துக்கு உட்பட்ட அடிமைகளை விடுவித்தார். அவர் ஊர் திரும்பியதையே அவருடைய வாழ்வின் தலையாய செயலென்று நான் கருதுகிறேன்.

1845 ஜூன் மாதத்தில், லெக்ஸிங்டன் நகரில் ‘ட்ரூ அமெரிக்கன்’ என்ற வாரப் பத்திரிகையை அவர் தொடங்கினார். முதல் இதழ் வெளிவருமுன்பே மிரட்டல் கடிதங்கள் வரலாயின. ஆதலால் செங்கற் கட்டடமாகிய தம் காரியாலயத்தின் கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்து, வாயிலைப் பார்த்தவாறு இரண்டு பித்தளைப் பீரங்கிகளை நிறுத்தி, துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் சேமித்து, கூரை வழியே தப்புவதற்கு ஒரு திறப்பும் அமைத்து, பகைவர் கைக்குப் போவதானால் கட்டடத்தையே தகர்த்துவிட வெடிமருந்தும் வைத்திருந்தார். எழுத்துக் கோக்கும் இடம் கோட்டையாக வேண்டியிருந்ததென்றால், கருத்துச் சுதந்திரத்தை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த அந்தத் தேசத்தில் உண்மைக்கு அன்றிருந்த நிலை எத்தகையது என்பது விளங்கும்.

ஆயினும் அந்தக் கோட்டை வெடிச் சத்தமின்றியே வீழ்ந்தது. செல்வர்களின் சுகவாழ்வு நிலையானதன்று என்று எச்சரித்த ஒரு வியாசம் ஆகஸ்டு மாதத்தில் வெளியானதும் ஊர் கொதித்தெழுந்தது. கிளே டைபாய்டு ஜுரத்தால் படுத்த படுக்கையாய்க் கிடந்த தருணம் பார்த்து, நகரத்துப் பெரிய மனிதர் அறுபது பேர் கொண்ட குழு, நீதிமன்றத்தின் உத்தரவொன்றையும் கையில் வைத்துக்கொண்டு காரியாலயத்துட் புகுந்து, அச்சு யந்திரத்தையும் எழுத்துக்களையும் ஒழுங்காகக் கட்டி, ஒஹையோ நதிக்கு அக்கரையிலுள்ள சின்சினாட்டி நகருக்கு அனுப்பிவிட்டது. காலிகள் செய்திருந்தால் கலகம் என்று பெயர் பெற்றிருக்கும். கனவான்கள் செய்தமையால் அது பொது அமைதியைக் காத்த காரியமாகக் கருதப்பட்டது. அவர்கள்மீது தொடரப்பட்ட குற்ற வழக்கு நிற்கவில்லை. பின்னர் கிளே தொடுத்த வழக்கில் மட்டும் 2,500 டாலர் நஷ்டஈடு கிடைத்தது. ஜுரம் தணிந்தவுடன் அவர் பத்திரிகையைச் சின்சினாட்டியில் அச்சடித்துக் கெண்டக்கியில் விநியோகித்தார்.

இத்தனை தைரியசாலியின் வாதங்களை இன்று படிப்பவர் மனம் சற்று வருந்தவே செய்யும். அடிமையின் துயரத்தைவிட, அடிமை உழைப்போடு போட்டியிட முடியாமல் வறுமையில் வாடிய வெள்ளைத் தொழிலாளியின் நஷ்டத்தையே அவர் அதிகம் பேசினார். விடுதலையும் படிப்படியாக, சட்டத்தின் வழியே வரவேண்டும் என்றார். டெக்ஸாஸை அமெரிக்காவுடன் சேர்த்துக்கொள்வதைக் கண்டித்தவரே 1846இல் மெக்ஸிகோ யுத்தத்துக்குத் தொண்டராகப் புறப்பட்டபோது சந்தாதாரர் பலர் மனம் முறிந்தனர். பிற்பாடு ஜான் ஃபீ என்னும் பாதிரியாருக்கு நிலம் கொடுத்துப் பெரியாவில் குடியமர்த்தியவர் கிளேயே. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயின்ற பெரியா கல்லூரி வளர்ந்தது அந்த மண்ணில்தான். ஆனால் அடிமைச் சட்டம் தெய்வ நீதிக்கு விரோதமாதலால் அது சட்டமே அன்று என்று ஃபீ முழங்கியபோது கிளே விலகினார். 1859இல் அந்தப் பாதிரியாரின் கூட்டத்தாரை ஊரைவிட்டு விரட்டியபோதும் அவர் குறுக்கே நிற்கவில்லை. இந்த விஷயத்தில் ஃபீயின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கத்திச் சண்டைகளாலேயே அவரை நினைவுகூர்வோர் உண்டு. 1849இல் ஃபாக்ஸ்டவுனில் ஒரு பொதுக்கூட்டத்தில் பலர் சூழ்ந்து தாக்க, பறிபோன தம் கத்தியை அதன் அலகைப் பற்றியே மீட்டு, எதிரியொருவரைக் கொன்றார் என்பது மெய்யே. ஆயினும் அவருடைய பேனா இதைவிடப் பெரிய காரியம் செய்தது. ஜனாதிபதி லிங்கன் அவரை ருஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். உள்நாட்டு யுத்தத்தின் நடுவே 1862இல் திரும்பிவந்தவருக்குச் சேனாதிபதிப் பதவி அளிக்கப்பட்டபோது, கலகம் செய்த மாகாணங்களில் அடிமை முறை ஒழியும்வரை வாளெடுக்க மாட்டேன் என்று மறுத்தார். அவ்வாண்டிலேயே லிங்கனின் பூர்வாங்க விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று.

அவர் மறுபடியும் ருஷ்யா சென்று அங்கே இருந்த நெடிய ஆண்டுகளில் குழந்தைகளையும் கடனில் மூழ்கிய பண்ணையையும் காத்து நின்றவர் மனைவி மேரி ஜேன். 1878இல் விவாகம் ரத்தானபோது, அவர் உழைத்துக் காத்த சொத்தில் கெண்டக்கிச் சட்டப்படி அவருக்குப் பங்கு இல்லாமற்போயிற்று. அந்த அநீதியைக் கண்ணெதிரே கண்ட பெண்மக்கள் மாதர் உரிமை இயக்கத்தில் இறங்கினர்; மூத்தவரான மேரி பார் கிளே தேசிய மாதர் வாக்குரிமைச் சங்கமொன்றுக்குத் தலைமை வகித்தார், லாரா கிளே 1888இல் கெண்டக்கி சம உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். விவாகமான ஸ்திரீகளுக்குச் சொத்துரிமை அளிக்கும் சட்டம் அவர்களுடைய முயற்சியால் 1894இல் நிறைவேறியது. அதே ஆண்டில்தான், 84 வயதான தந்தை 15 வயதுச் சிறுமி ஒருத்தியை, மக்களின் ஆட்சேபத்தையும் மீறி மணந்துகொண்டார்.