பல்லாவரத்துக் கற்கள்



சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அவ்வழியிலுள்ள பல்லாவரம் பயணிகள் பலருக்கு ஒரு நிலையத்தின் பெயர் மட்டுமே. அங்கே ஒருமுறை இறங்கிப் பார்க்குமாறு உங்களை வேண்டுகிறேன்.

1863 மே 30 அன்று, நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் அவ்வூரில் சரளை தோண்டிய குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி! பழைய கற்கால மாந்தர் இந்தியாவில் வாழ்ந்தனர் என்பதற்கு முதற்சான்றாயிற்று.

அங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் ஒரு கோயிலைக் குடைவித்தான். அவனுடைய விருதுப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது முஸ்லிம்களின் வழிபாட்டிடமாயிற்று. ஒரே பாறையை இரு சமயத்தாரும் போற்றியுள்ளனர் அன்றோ?

1911இல் இங்குக் குடியேறிய மறைமலையடிகள் 1950இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். வெள்ளிதோறும் கூடும் சந்தையில் செடிகள் முதல் பழம்பொருள்கள் வரை வாங்க அயலூராரும் வருகின்றனர்.

2021 முதல் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. புறநகர் வளர வளரக் குன்றுகள் ஜல்லியாகின்றன. வெற்று நிலத்தைக் கட்டடங்கள் மூடுகின்றன. மண்ணிலிருந்து பெயர்த்த கருவி, கிடந்த இடம் தெரியாவிடில், பாதிச் செய்தியை இழந்துவிடும். ஆதலால், உங்கள் ஊரில் கடைக்கால் தோண்டும்போது செதுக்கிய கல்லோ பழைய ஓடோ தென்பட்டால், இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் உடனே தெரிவியுங்கள். பூட் செய்த பணியை நீங்களும் தொடரலாம்.