பைலட் பிள்ளை நன்றாகத் தூங்குகிறானா?

ஏற்காடு ஏரியைத் தாண்டி மலைப்பாதையில் போனால் சிறிது நேரத்தில் சேர்வராயன் கோயில் வந்துவிடும். மலை உச்சி என்றாலும் மேலே மைதானம் மாதிரி ஒரே சமதளம். ஓரத்தில் குகைக் கோயில். தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே குடியிருக்கிறார்கள்.

மே மாதத் திருவிழாக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு நாள் போயிருந்தேன். என்னிடம் பல வருஷமாக வைத்தியம் பார்க்கும் ஒரு அம்மா, லீவில் வந்த மகனோடு வேண்டுதலுக்கு வந்திருந்தார். சின்ன காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். அதில் பாதியை விற்றுத்தான் பையனைப் பைலட்டுக்குப் படிக்க வைத்தார்கள். இப்போது வளைகுடா நாடு ஒன்றில் பெரிய விமானம் ஓட்டுகிறார். வயது 38.

''வந்து அஞ்சு நாளாச்சுங்க டாக்டர். ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கான், பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறான். குறட்டைன்னா அப்படி ஒரு குறட்டை. நடுவுல மூச்சே நின்னு போற மாதிரி இருக்கு, எனக்கு பக்குன்னுது'' என்றார் அந்த அம்மா.

பையன் சிரித்து மழுப்பினார். ''டாக்டர், இந்தக் கோயிலைவிட உசரமான இடத்துலதான் எனக்கு தினமும் வேலை'' என்று பேச்சை மாற்றினார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. சேர்வராயன் கோயில் சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது. விமானம் 35,000 அடியில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தை செயற்கையாகக் கூட்டி வைப்பார்கள். அப்படிக் கூட்டியும் தரைமட்ட அளவுக்கு வராது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருக்கும் கணக்குதான், அதாவது கிட்டத்தட்ட ஊட்டி. ஊட்டியிலாவது ஈரக் காற்று உண்டு. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை, கண், தோல் எல்லாம் காயும். எழுந்து போகச் சோம்பல்பட்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்கு சிறுநீரகக் கல் வர வாய்ப்பு அதிகம். கல் இருப்பது தெரிந்தால், சரியாகும் வரை பறக்கவே விடமாட்டார்கள்.

ஆனால் எனக்குக் கவலை தந்தது குறட்டைதான். அவர் சட்டைக் காலர் 17 அங்குலத்துக்கு மேல். நல்ல தொப்பை. தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருக்கலாம் என்று சொல்லி, பரிசோதனைக்கு வரச் சொன்னேன். மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது.

''எழுத்துல எதுவும் கொடுத்துடாதீங்க டாக்டர். மெடிக்கல் போச்சுன்னா எல்லாமே போச்சு!''

வெளிநாட்டுக்குப் போன பைலட்டின் நிஜமான பயம் இதுதான். உள்ளூரில் வேலை பார்ப்பவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் மட்டும்தான் கேள்வி. அங்கே அப்படியில்லை. உடம்புத் தகுதி போனால் லைசென்ஸ் செல்லாது. லைசென்ஸ் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் விசா இல்லை. கம்பெனி கொடுத்த வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் விசா எல்லாம் அதே கயிற்றில்தான் தொங்குகின்றன. 2020-ல் கொரோனா வந்தபோது, எந்த நோயும் இல்லாத பைலட்டுகளே வளைகுடாவில் ஏராளமாக வேலையிழந்து பெட்டியைக் கட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் தலைவலிக்குக்கூட டாக்டரிடம் போகத் தயங்குகிறார்கள்.

மறைப்பதால் என்ன ஆகும்? மங்களூர் விபத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கே நோயை மறைத்தார் என்ற பேச்சே இல்லை. தூக்கம் மனித மூளையை என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2010 மே 22. துபாயிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை ஆறு மணி சுமாருக்கு மங்களூரில் இறங்கியது. நம் சேர்வராயன் உச்சி மாதிரி, அந்த ஓடுபாதையும் குன்றின் தலையைச் சமமாக்கிப் போட்டதுதான். விமானம் ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரையைத் தொட்டு, எல்லை தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். பிழைத்தது எட்டே பேர்.

கேப்டன் செர்பியாக்காரர். அதாவது, நம் நாட்டுக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பைலட். காக்பிட் ஒலிப்பதிவு இரண்டு மணி நேரம் சொச்சம் இருந்தது. அதில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவர் தூங்கியிருக்கிறார் என்று விசாரணைக் குழு கண்டது. குறட்டைச் சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. துணை பைலட் 'திரும்ப மேலே எழுப்பலாம்' என்று சொல்லியும் கேப்டன் இறங்கியே விட்டார். விமானம் ஏறுவதற்கு முன்னால் அவருக்குப் போதிய ஓய்வு நேரம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் அறிக்கை சொல்கிறது.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவனுக்கு மூளை உடனே தெளியாது. கண் திறந்திருக்கும், பேசுவான், ஆனால் யோசனை மந்தமாக இருக்கும். கால் மணியோ அரை மணியோ, சில சமயம் அதற்கும் மேலேயோ இந்த மப்பு நீடிக்கும். அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடம்பே தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் என்பதால் இன்னும் மோசம். அதனால்தான் பறக்கும்போது பைலட் ஓய்வெடுக்க அனுமதிக்கும் இடங்களில்கூட அதைக் குட்டித் தூக்கமாகவே வைத்திருக்கிறார்கள். எழுந்தவுடன் பொறுப்பைக் கையில் தரமாட்டார்கள்.

இந்த மந்தம் யாருக்கும் வரும். ராத்திரியெல்லாம் மூச்சு அடைபட்டு அரைகுறையாகத் தூங்குகிறவனுக்கு, பகலிலும் அது விடாது. ரத்த அழுத்தமும் ஏறும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் எதிர்பாராத ஒன்றையும் சொன்னேன். இந்தக் கோளாறுக்கு வைத்தியம் உண்டு. எடை குறைப்பது, தூங்கும்போது காற்றை அழுத்தித் தரும் முகமூடிக் கருவி. ஒழுங்காக சிகிச்சை எடுத்து, நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டினால் பல நாடுகளில் மறுபடி பறக்க விடுகிறார்கள். சில மாதங்கள் தரையில் இருக்க வேண்டி வரலாம், அவ்வளவுதான். மறைத்துப் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டால் லைசென்ஸே போய்விடும். ரத்த அழுத்தமும் இப்படித்தான். சர்க்கரையில் மட்டும் கொஞ்சம் உஷார். மாத்திரையோடு நிறுத்தினால் வழியுண்டு, இன்சுலின் ஊசிக்குப் போய்விட்டால் பெரும்பாலான நாடுகளில் கதவு மூடிவிடும். நம் ஊர்க்காரர்கள் முப்பது வயதிலிருந்தே சோதித்துக்கொள்வது நல்லது.

மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்குவது அடுத்த வம்பு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, தூக்க மாத்திரைகள் சிலவெல்லாம் ஐக்கிய அரபு நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அனுமதி இல்லாமல் பையில் இருந்தாலே வழக்கு. சாதாரண சளி மாத்திரைகூட மயக்கம் தரும்.

காகித விஷயம் ஒன்று. உடல்நலம் கெட்டு லைசென்ஸ் போனால் பணம் தரும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. எந்த நோய்க்குத் தரமாட்டோம் என்று எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் படியுங்கள். மனநோயைச் சில பாலிசிகள் விட்டுவிடுகின்றன. இந்திய மெடிக்கலையும் காலாவதி ஆகாமல் புதுப்பித்து வைத்துக்கொண்டால், திடீரென்று திரும்ப நேர்ந்தால் கை கொடுக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அவர் ராத்திரி டூட்டி முடித்துப் பகலில் தூங்கும் நேரத்தில்தான் நாம் போன் போட்டு கல்யாண விஷயம், பாகப்பிரிவினை எல்லாம் பேசுவோம். டூட்டி அட்டவணையை வாங்கி அடுப்பங்கரையில் ஒட்டி வையுங்கள். ''என்ன இவ்வளவு மெலிஞ்சுட்டே''ன்னு நெய்யும் முறுக்குமாகக் கட்டிக் கொடுப்பதையும் குறைக்கலாம்.

கட்டிக் கொடுப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. மறுவாரம் தூக்கப் பரிசோதனைக்கு அம்மாவும் மகனும் சேலம் வந்தார்கள். கோளாறு இருப்பது உறுதியானது. கம்பெனி டாக்டரிடம் அவரே சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். எழுந்து போகும்போது அந்த அம்மா, ''ஊருக்குக் கொடுத்து விடறதுக்கு காப்பிப் பொடி, மிளகு, குருமாப் பொடி எல்லாம் ரெடி பண்ணிட்டேங்க'' என்றார்.

''குருமாப் பொடியில் கசகசா போட்டிருக்கீங்களா?''

''போடாம எப்படிங்க?''

ஐக்கிய அரபு நாடுகளில் கசகசாவுக்குத் தடை. பை சோதனையில் பிடித்தால் போதைப்பொருள் வழக்கு. அதோடு, கசகசா சாப்பிட்டவரின் சிறுநீரில் அபின் வகைப் பொருள் இருப்பதாகப் பரிசோதனை காட்டிவிடலாம். பைலட்டுகளுக்குத் திடீர் போதைப் பரிசோதனை இப்போது இந்தியாவிலும் உண்டு.

அந்த அம்மா ஒரு நிமிஷம் திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஏற்காடு பஸ் ஏறுவதற்கு முன்னால், முந்திரி கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். பொடியைப் புதிதாக அரைக்க.