நனையாத மருந்து

மழைக்காலம் வந்தால் அரிசியும் பருப்பும் பூசணம் பிடிக்காமல் காப்பது நம் வீடுகளில் பெரிய வேலை. ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றிய எனக்கு வெடிமருந்தைப் பற்றியும் அதே கவலை இருந்தது. ரயிலுக்கும் வெடிமருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதற்கு முன் மருந்துக்கும் ஈரத்துக்கும் உள்ள பகையைச் சொல்லிவிடுகிறேன்.

பழங்காலக் கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு நீரில் கரையும். சரியாகச் சுத்தம் செய்யாத உப்பானால், காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். நனைந்த மருந்தில் உப்பு கரைந்து கரியை விட்டுப் பிரிந்துவிடும். பிறகு காயவைத்தாலும் பழைய வேகம் வராது.

துப்பாக்கிக்குக் கையால் மருந்து கெட்டித்த அந்நாட்களில் இது ராஜ்யங்களின் தலையெழுத்தையே மாற்றியது. 1757 ஜூன் 23 அன்று பிளாசிப் போரின் நடுவே பெருமழை பெய்தது. ஆங்கிலேயர் தங்கள் மருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்தனர். வங்காள நவாபின் மருந்து நனைந்தது. எதிரியின் பீரங்கியும் ஓய்ந்திருக்கும் என்று நம்பி முன்னேறிய தளபதி மீர் மதன் குண்டடிபட்டு இறந்தார். அன்றைய தோல்விக்குத் துரோகம் ஒரு காரணம். மழையும் ஒரு காரணம்.

நம் பெங்களூருக்கு அருகில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் காலத்து மருந்துக் கிடங்குகள் உள்ளன. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, தடித்த சுவர்களுடன் கட்டப்பட்டவை. மைசூர் இரட்டைப் பாதைக்குக் குறுக்கே நின்ற ஒரு கிடங்கை இடிக்காமல், 2017-இல் அப்படியே நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். அதன் எடை சுமார் 1,000 டன்!

இனி ரயில்வே மருந்துக்கு வருவோம். 'டெட்டனேட்டர்' என்பது சிறிய தட்டையான தகர டப்பி. அதைத் தண்டவாளத்தின் தலையில் வைத்து, அதிலுள்ள தகரப் பட்டையை இருபுறமும் மடக்கிப் பொருத்துவோம். சக்கரம் ஏறியதும் பலத்த ஓசையுடன் வெடிக்கும். மூடுபனியில் சிக்னல் தெரியாதபோது, சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பாக, பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வைக்க வேண்டும். தண்டவாளம் உடைந்தாலோ பாதையில் தடை இருந்தாலோ, அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் மூன்றும் வைக்க வேண்டும். நடுராத்திரியில் கேங்மேன் ஓடிச் சென்று வைக்கும் அந்த டப்பி ஈரம் கோத்து ஊமையாகிவிட்டால் என்ன ஆகும்? ஊருக்குப் போகும் வண்டியில் நம் பிள்ளைகுட்டிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவேதான் விதிகள் கடுமையானவை. செங்கல் சுவர், ஈரமரம், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றில் படாதபடி உலர்ந்த இடத்தில் தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். தயாரித்த ஆண்டு டப்பியின் மேலேயே பொறித்திருக்கும். அதன் ஆயுளுக்கு வரம்பு உண்டு. இடையிடையே மாதிரிக்கு ஒன்றை எடுத்து, மெதுவாகச் செல்லும் வண்டியின் சக்கரத்தில் வெடித்துப் பார்ப்போம். தகரம் சிதறும் என்பதால் எல்லோரையும் தூர விலக்கிவிட்டுத்தான் சோதனை.

இந்தப் பாடம் தீபாவளிப் பட்டாசுக்கும் பொருந்தும். ஐப்பசி மழையில் பட்டாசுப் பெட்டியைத் தரையிலோ, ஓதம் ஏறிய சுவரோரமோ வைக்காதீர்கள். பலகை மேல், அடுப்பும் விளக்கும் இல்லாத அறையில் வையுங்கள். நமத்துப்போனதை அடுப்பருகிலோ இஸ்திரிப் பெட்டியாலோ காயவைக்கவே கூடாது. அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானே சூடேறவும் கூடும். நனைந்ததையும் வெடிக்காததையும் வாளித் தண்ணீரில் ஊறப் போடுவதே நல்லது.

2023 அக்டோபரில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் பற்றிய தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள். மருந்து நனைந்தால் நஷ்டம் நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோதான். ஈரத்துக்குப் பயந்து அதை நெருப்பின் பக்கம் கொண்டுபோனால் போவது உயிர். மருந்தைக் காப்பாற்றுவதற்கு முன் மனிதரைக் காப்பாற்றுவோம்.