மெட்டல் கச்சேரி முடிஞ்சும் காதுல 'ங்கொய்ங்'னு சத்தமா? காரணம் இதுதான்!

ராத்திரி முழுக்க தலையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்திட்டு வந்து படுத்தா, காதுக்குள்ள மட்டும் கச்சேரி முடியலையா? ஹெவி மெட்டல் ரசிகர்கள் பலருக்கும் இது பழகிப்போன விஷயம். ஆனால், அலட்சியம் வேண்டாம்.

என்ன நடக்கிறது?
ஒலியை உணர்ந்து மூளைக்கு அனுப்ப உதவும் நுண்ணிய முடிச் செல்கள் உள்காதில் உள்ளன. பெரும் சத்தத்தில் இவை சோர்ந்துவிடும். ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் மீளும். அழிந்துவிட்டால் மறுபடி முளைக்காது.

எவ்வளவு நேரம் தாங்கும்?
85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்! மெட்டல் மேடைகள் இந்த அளவை எளிதில் தொட்டுவிடும்.

கலைஞர்களும் தப்பவில்லை
மெட்டாலிகா டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சுக்கே இந்த இரைச்சல் பிரச்னை உண்டு. செவித்திறன் பாதிப்பால் ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

என்ன செய்யலாம்?
* இயர் பிளக் போடுங்க. பாட்டு கேட்கும், அடி குறையும்.
* ஸ்பீக்கர் முன்னாடி நிக்காதீங்க.
* நடுநடுவே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்க.

2 நாள் கழித்தும் இரைச்சல் நிற்கலையா? காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. திடீரென காது கேட்கலைன்னா அன்னைக்கே போயிடுங்க!