தைத்தலும் பிரித்தலும்

'தை' என்னும் வினையடி பொருள்வளம் மிக்கது. காலில் முள் தைக்கின்றது. மார்பில் அம்பு தைக்கின்றது. சுடுசொல் நெஞ்சிலே தைக்கின்றது. இம்மூன்றின் பயனும் நோவே. ஊசி துணியைத் தைக்கும்போதோ பிரிந்து கிடந்தவை ஒன்றாகின்றன. முள்ளுக்கும் ஊசிக்கும் உள்ள வேறுபாடு, ஊசியின் காதும் அதிலே கோத்த நூலுமேயாம்.

'தையல்' என்ற சொல் பெண்ணையுங் குறிக்கும். தையல் வேலையும் பெண்களுக்கே உரியதென்று நம்மிற் பலர் ஒதுக்கிவிட்டனர். ஆயினும் நம் கடைத்தெருக்களில் இயந்திரத்தின்முன் அமர்ந்து தைப்போருள் ஆடவர் எத்தனை பேர்! சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக் கைவினைஞரை எண்ணிச் செல்லுமிடத்துத் துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் அருகருகே நிறுத்துகின்றது. துன்னம் என்பது தையலின் பழம்பெயர். கரிகாலனை நாடிச் சென்ற பொருநன் உடுத்திருந்தது, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தல் என்று பொருநராற்றுப்படை கூறும். ஏழையின் துணியிலும் ஊசி ஓடியிருக்கின்றது. அது மானங் காத்த தொழில்.

தேர்ந்த கையின் விரைவைக் காணவேண்டுமாயின் புறநானூற்றுக்குச் செல்லலாம். ஊரிலே விழா, இல்லிலே மனைவிக்குப் பேற்றுநோவு, வெளியே மழை, பொழுதோ சாய்கின்றது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பிணிக்கும் ஒருவனின் கையூசி எத்துணை விரைவாக ஓடும்! அவ்விரைவையே பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்குச் சாத்தந்தையார் உவமை கூறினார்.

நிற்க. முதன்முதலாக ஊசி பிடிப்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. நூல் நீண்டால் வேலை சுருங்கும் என்பது அவருடைய முதற் கணக்கு. நீண்ட நூலோ ஒவ்வோர் இழுப்பிலும் முறுகிச் சிக்காகும். ஒரு முழத்துக்குச் சற்று மேற்பட்ட நூலே கைத்தையலுக்குப் போதுமானது. அடுத்து, நுனியில் முடிச்சிட மறந்து தைத்துக்கொண்டே போவார். இறுதியில் இழுக்கும்போது நூல் முழுவதும் கையோடு வந்துவிடும். மடியிலே துணியை வைத்துத் தைப்பவர், எழுந்து நிற்கும்போதுதான் தாம் உடுத்திருக்கும் சாரத்தையும் சேர்த்துத் தைத்திருப்பதை அறிவார்! உடலளவுக்குச் சரியாகத் துணியை வெட்டித் தையலுக்குரிய ஓரத்தை விடாதவரும் உளர். புதுப் பருத்தித்துணியைத் தோய்த்து உலர்த்தாமலே தைத்து, முதற் சலவையிற் சட்டை சுருங்கக் கண்டு வருந்துவோரும் உளர்.

இவற்றிடையே தொடக்கக்காரர் அறியவேண்டிய அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. பிழையாகத் தைத்ததைப் பிரிக்கலாம். பிழையாக வெட்டியதை மீட்க இயலாது. ஆதலின் தேர்ந்தவர்கள் முதலிற் கடதாசியில் அளந்து வெட்டிப் பார்த்துப் பின்னரே துணியிற் கத்தரிக்கோலை வைப்பர். பிரித்தலுக்கும் முறையுண்டு. இரு துணிகளையும் பற்றி இழுத்தால் துணியின் சொந்த இழையும் அறுந்துபோம். ஒரு பக்கத்திலே சில தையல்களுக்கு ஒருமுறை நூலை நறுக்கி, மறுபக்கத்திலே மெல்ல உருவவேண்டும். இதனைப் பொறுமையோடு செய்யக் கற்றவர் பிழைக்கு அஞ்சார். பிழைக்கு அஞ்சாதவரே மேலும் கற்பர்.

முதல் வேலைக்குப் பழைய சாரத் துண்டிலே ஒரு பை தைத்தல் தகும். துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து, இரு பக்கமும் தைத்து, வாயை மடித்துத் தைத்துத் திருப்பினாற் பை ஆயிற்று. ஓட்டுத்தையலில் ஊசி முன்னோக்கியே செல்லும்; பாரந் தாங்குதற்கு அது போதாது. பின்தையலிலோ ஊசி ஒவ்வொரு முறையும் ஓரடி பின்வந்து ஈரடி முன்செல்லும். உறுதி அதனாலேயே உண்டாகின்றது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓலைப்பெட்டி இழைத்தலும் இத்தகையதே. குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வாராவிடின் பெட்டி கோணிவிடும். அடி தளர்ந்திருந்தால் அழகிய விளிம்பும் பயன்தராது.

இவையெல்லாம் பொழுதுபோக்கென்று தள்ளத்தக்கவை அல்ல. 1990களிலே பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தை நெருக்கியபோது, ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு வீட்டிலேயே செய்த விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் படித்தனர். 2009 இல், இறுதிப்போரின்போது, வன்னித் தாய்மார் தங்கள் சேலைகளைப் பைகளாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிகளைக் காத்தனர். போர் முடிந்தபின், குடும்பத்தைத் தனித்துத் தாங்கிய பெண்கள் பலருக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. கைப்பழக்கம் இருந்த வீட்டில் இயந்திரம் சோறு போட்டது. பயிற்சி கிடைக்காத வீட்டில் அது மூலையிற் கிடந்து துருவேறியது. பொருளைக் கொடுத்தல் எளிது. பழக்கத்தைக் கொடுப்பதற்குக் காலமும், அருகிருந்து காட்டும் ஒருவரும் வேண்டும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 1978 இல் கட்டுநாயக்காவிலே ஏற்றுமதி வலயம் தொடங்கியபின் ஆடைத்தொழில் இந்நாட்டின் பெருந்தொழில்களுள் ஒன்றாயிற்று. அங்கே ஒருத்தி நாள் முழுவதும் கழுத்துப்பட்டியை மட்டுமே பொருத்துகின்றாள். மற்றொருத்தி கையை மட்டுமே மூட்டுகின்றாள். உலகுக்குச் சட்டை அனுப்பும் நாட்டிலே, முழுச்சட்டை ஒன்றைத் தானே வெட்டித் தைத்து முடிக்கும் மனநிறைவு அவர்களுக்கு வாய்ப்பதில்லை. வீட்டிலே கோணலாகத் தைத்த ஒரு பையிலே அந்நிறைவு இருக்கின்றது.

பரீட்சைப் புள்ளியே கல்வியின் அளவுகோலாகிவிட்ட இக்காலத்திற் பிள்ளைகளின் கைகள் கற்க மறந்து வருகின்றன. மனைப்பொருளியலைப் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே தெரிகின்றனர். ஆண்பிள்ளைக்கோ அறுந்த தெறியைத் தைக்கவும் தாயோ தமக்கையோ வேண்டியிருக்கின்றது. ஆசிரியர்கள் இதற்குப் புதிய பாடத்திட்டத்தை எதிர்நோக்கவேண்டுவதில்லை. வகுப்பறை அலுமாரியில் ஓர் ஊசியும் ஒரு நூற்கட்டையும் இருக்கட்டும். தெறி அறுந்த சட்டையோடு வரும் மாணவனிடம் அவற்றைக் கொடுத்து, எவ்வாறு தைப்பதென்று ஒருமுறை காட்டலாம். முதன்முறை அவன் தெறியை வேறிடத்திலே வைத்துத் தைக்கவுங்கூடும். அதனைப் பிரிக்கக் கற்பித்து, இரண்டாம் முறையும் ஊசியை அவன் கையிலேயே கொடுப்போமாக. அன்றைய பாடம் சற்றுப் பிந்தித் தொடங்கினாற் குறைவொன்றுமில்லை.