சுவருக்கு அப்பால் இருப்பவர்

பிள்ளைகள் வளர்கிறார்கள், ஊரிலிருந்து பெற்றோரும் வந்து சேர்கிறார்கள், வீடு போதாமற் போகிறது. இங்கிலாந்தில் ஒட்டிக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் வாழும் நம்மில் பலர், பின்புறத்திலோ கூரையிலோ ஓர் அறை சேர்த்துக் கட்ட விரும்புவது இயல்பே. ஆனால் அயலவர் எதிர்ப்புத் தெரிவித்துக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டார் என்று அறிந்ததும் நம் மனம் புண்படுகிறது. "நம்மைப் பிடிக்காததால் எழுதினார்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சற்றுச் சிந்திப்போம்.

திட்ட அனுமதிக்கு நாம் விண்ணப்பித்தால் அதை அயலாருக்கு அறிவிப்பது கவுன்சிலின் கடமை. கருத்துக் கூற 21 நாட்கள் உண்டு. வெளிச்சம் மறைதல், அந்தரங்கம் கெடுதல், வீதியில் வாகன நெருக்கடி ஆகியவை கருத்தில் கொள்ளப்படும். வீட்டின் விலை குறையும் என்பது கொள்ளப்படாது. எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைவிட என்ன காரணம் சொன்னார்கள் என்பதே முக்கியம். அனுமதி மறுக்கப்பட்டால் நாம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி வழங்கப்பட்டால் அயலவருக்கு அந்த உரிமை இல்லை. எனவே அக்கடிதம் பகைமையின் அடையாளம் அல்ல. பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

சிறிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தேவைப்படாமலும் இருக்கலாம். ஆயினும் பொதுச் சுவரில் கை வைப்பதாயின், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாதங்களுக்கு முன்னரே அயலவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

வாகனத் தரிப்பு இன்னொரு மனக்கசப்பு. அறை கூடினால் ஆட்களும் கார்களும் கூடும் என்று அயலவர் அஞ்சுகிறார். வாசலுக்கு முன்னுள்ள பொது வீதி அவருக்கும் சொந்தமல்ல, நமக்கும் சொந்தமல்ல என்பது உண்மையே. ஆனால் இரவுப் பணி முடித்துக் களைத்து வரும் தாதிக்கு, நம் விருந்தினரின் கார்கள் நிறைந்த வீதியில் அந்த உண்மை ஆறுதல் தராது. முன்தோட்டத்தைத் தரிப்பிடமாக்கி நடைபாதையின் விளிம்பைத் தாழ்த்தினால், வீதியில் எல்லாருக்கும் பொதுவான ஓரிடம் குறைகிறது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் வரைபடத்துடன் அயலவரின் கதவைத் தட்டுவோம். வேலை நேரத்தையும் லொறிகள் வரும் நாட்களையும் சொல்வோம். அவர் சொல்லும் குறையில் நியாயம் இருந்தால் ஓர் அடி குறைத்துக் கட்டுவோம். எதிர்ப்பவர் நாமாயின், கோபத்தை அல்ல, உண்மையான காரணத்தை எழுதுவோம். நள்ளிரவில் நம் தாய் மயங்கி விழுந்தால் முதலில் ஓடி வரக்கூடியவர் சுவருக்கு அப்பால் இருக்கும் அயலவரே.